ஒலிக் குறுக்கூட்டல்

ஒலிக் குறுக்கூட்டல் என்பது ஹெட்போனில் ஸ்டீரியோ ஒலியைக் கேட்கும்போது, இடப்பக்கச் சைகையின் ஒரு சிறு பகுதியை வலப்பக்கத்திற்கும், வலப்பக்கச் சைகையின் ஒரு சிறு பகுதியை இடப்பக்கத்திற்கும், சற்றுத் தாமதித்தும் கூர்மை குறைத்தும் கலந்து தரும் முறை ஆகும். இது பொதுவாக கிராஸ்ஃபீட் என அழைக்கப்படுகிறது. அறையில் வைக்கப்பட்ட இரு ஒலிபெருக்கிகளைக் கேட்கும்போது இயல்பாகவே நிகழும் ஒரு செயலை, ஹெட்போனில் மின்சுற்றின் துணையால் மீண்டும் உண்டாக்குவதே இதன் நோக்கம். சில மின்தடைகளும் மின்தேக்கிகளும் மட்டுமே கொண்ட அனலாக் சுற்றாலும் இதனைச் செய்யலாம். கணிப்பொறி அல்லது செல்பேசியில் இயங்கும் மென்பொருளாலும் செய்யலாம்.

இதற்கு நேர் எதிரான செயல் குறுக்கொலி நீக்கம் எனப்படும். அது ஒலிபெருக்கிகளுக்கு உரியது. முதலாவது இரு செவிகளுக்கும் இடையே ஒலியைக் கலக்கிறது. இரண்டாவது கலந்த ஒலியைப் பிரிக்கிறது. சூழொலி எனப்படும் சரவுண்ட் ஒலியை இரண்டே ஒலிபெருக்கிகளில் அல்லது ஹெட்போனில் தோற்றுவிக்கும் முறைகள் பலவும் இவ்விரு செயல்களை அடிப்படையாகக் கொண்டவை.

இரு செவிகளால் திசை அறிதல்

மனிதர் ஒலியின் திசையை இரண்டு முதன்மையான குறிப்புகளால் அறிகின்றனர். ஒன்று, ஒலி இரு செவிகளையும் அடையும் நேரத்தில் உள்ள வேறுபாடு. மற்றொன்று, இரு செவிகளிலும் ஒலியின் வலிமையில் உள்ள வேறுபாடு. தாழ் அதிர்வெண்களில் நேர வேறுபாடும், உயர் அதிர்வெண்களில் வலிமை வேறுபாடும் திசையைக் காட்டுகின்றன என்ற கொள்கையை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1907இல் விளக்கினார். இவ்விரண்டும் கைமாறும் எல்லை ஏறத்தாழ 1500 ஹெர்ட்சு ஆகும்.

தலையை 8.75 செ.மீ. ஆரமுள்ள கோளமாகவும், ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டராகவும் கொண்டால் நேர வேறுபாட்டைக் கணக்கிடலாம். ஆரத்தை ஒலியின் வேகத்தால் வகுத்து, அதனை, ரேடியனில் குறித்த கோணம், அக்கோணத்தின் சைன் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். ஒலி மூலம் நேர் பக்கவாட்டில், அதாவது 90 பாகையில் இருந்தால் விடை ஏறத்தாழ 656 மைக்ரோ நொடி. ஸ்டீரியோ ஒலிபெருக்கிகள் வழக்கமாக வைக்கப்படும் 30 பாகையில் விடை ஏறத்தாழ 261 மைக்ரோ நொடி. ஒரு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதலான இச்சிறு இடைவெளியை மூளை உணர்ந்து திசையாக மாற்றிக்கொள்கிறது.

வலிமை வேறுபாடு தலையின் நிழலால் உண்டாகிறது. 100 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அத்தகைய நீண்ட அலை தலையைச் சுற்றி வளைந்து சென்றுவிடும். எனவே இரு செவிகளிலும் அது ஏறத்தாழ ஒரே வலிமையுடன் கேட்கும். 5000 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் 7 செ.மீ.க்கும் குறைவு. தலை அதனை மறைத்துவிடுவதால் மறுபக்கச் செவியில் ஒலி வெகுவாகக் குறைகிறது.

ஹெட்போனில் எழும் சிக்கல்

இரு ஒலிபெருக்கிகளுக்கு முன் அமர்ந்திருப்பவரின் இடச் செவி, இட ஒலிபெருக்கியை மட்டும் கேட்பதில்லை. வல ஒலிபெருக்கியின் ஒலியும் சற்றுத் தாமதமாக, உயர் அதிர்வெண்கள் மங்கிய நிலையில் அதனை அடைகிறது. வலச் செவிக்கும் இவ்வாறே. இசைப்பதிவுகளில் பெரும்பாலானவை ஒலிபெருக்கிகளின் துணையுடன் கலவை செய்யப்பட்டவை. ஆகவே இந்தக் குறுக்குக் கலப்பு நிகழும் என்ற எதிர்பார்ப்பு அப்பதிவுகளுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

ஹெட்போனில் இக்கலப்பு அறவே நின்றுவிடுகிறது. ஒரு கருவியின் ஒலி இடப்பக்கத்தில் மட்டும் பதிவாகியிருந்தால், அது இடச் செவியில் மட்டுமே கேட்கும். தாழ் அதிர்வெண் ஒலி ஒரு செவியில் மட்டும் கேட்பது இயற்கையில் ஏறத்தாழ நிகழாத ஒன்று. காதருகே கொசு பறக்கும்போதோ, ஒருவர் காதோடு காதாகப் பேசும்போதோதான் ஒரு செவியில் மட்டும் ஒலி மிகுந்து கேட்கிறது. இதனால் இசை தலைக்கு வெளியே அல்லாமல் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோலத் தோன்றுவதும், நீண்ட நேரம் கேட்கும்போது சிலருக்குச் சோர்வு உண்டாவதும் உண்டு. ஸ்டீரியோ புதிதாக இருந்த காலத்தில் ஒரு கருவியை முழுக்க இடப்புறமும் மற்றொன்றை முழுக்க வலப்புறமும் ஒதுக்கிவைக்கும் வழக்கம் இருந்தமையால், பழைய ஸ்டீரியோ பதிவுகளில் இச்சிக்கல் மிகுதி.

வரலாறு

இரு செவிகளுக்கும் தனித்தனியாக ஒலி அனுப்பும் முயற்சி 1881இல் பாரிஸ் மின் கண்காட்சியில் நிகழ்ந்தது. கிளெமான் அதேர் என்பவர் இசை அரங்கின் ஒலியைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாகக் கொண்டுவந்து, இரு காதுகளிலும் இரு கேட்பிகளை வைத்துக் கேட்கச் செய்தார். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த ஆலன் புளூம்லைன் 1931இல் ஸ்டீரியோ ஒலிக்கான அடிப்படைக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1950களின் இறுதியில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவின் ஜான் காஸ் 1958இல் இசை கேட்பதற்கான ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார்.

ஹெட்போன் பரவிய மூன்றே ஆண்டுகளில் அதன் குறைபாட்டைக் களையும் சுற்றும் வெளிவந்தது. அமெரிக்காவின் சி.பி.எஸ். ஆய்வகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் பாவர் 1961இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் இதனை விளக்கினார். ஸ்டீரியோ பதிவை ஹெட்போனுக்கு ஏற்றதாக்குவது, இருசெவிப் பதிவை ஒலிபெருக்கிக்கு ஏற்றதாக்குவது என இரு சிக்கல்களையும் அவர் ஒரே கட்டுரையில் ஆராய்ந்தார். பாவரின் சுற்றை எளிமையாக்கி, சீக்ஃபிரீட் லிங்க்விட்சு 1971இல் ஒரு வடிவத்தை வெளியிட்டார். இவரே பின்னாளில் ஒலிபெருக்கிகளில் பயன்படும் லிங்க்விட்சு–ரைலி வடிப்பானை உருவாக்கிய இருவருள் ஒருவர்.

1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வெளிவந்தபின் ஹெட்போன் கேட்டல் உலகெங்கும் பெருகியது. 1990களில் அமெரிக்காவின் ஹெட்ரூம் நிறுவனம் குறுக்கூட்டல் சுற்று கொண்ட ஹெட்போன் பெருக்கிகளை விற்றது. சூ மோய், யான் மையர் ஆகியோரின் சுற்றுகள் வீட்டிலேயே மின்னணுக் கருவிகள் செய்வோரிடையே புகழ்பெற்றன. பாவரின் கருத்தை மென்பொருளாக்கிய பி.எஸ்.2.பி. என்னும் கட்டற்ற நிரல், இவ்விருவர் பெயரிலும் முன்னமைவுகளைக் கொண்டுள்ளது. சூ மோய் அமைவில் வெட்டு அதிர்வெண் 700 ஹெர்ட்சு, அளவு 6 டெசிபெல். யான் மையர் அமைவில் 650 ஹெர்ட்சு, 9.5 டெசிபெல்.

எடுத்துக்காட்டுச் சுற்று

குறுக்கூட்டலின் இயக்கத்தை விளங்கிக்கொள்ள, மின்கலம் தேவைப்படாத ஓர் எளிய சுற்றைக் கருதலாம். இது இசைக் கருவியின் வெளியீட்டிற்கும் ஹெட்போன் பெருக்கியின் உள்ளீட்டிற்கும் இடையே இணைக்கப்படுவது. ஹெட்போனை இதனுடன் நேரடியாக இணைத்தல் ஆகாது. பெருக்கியின் உள்ளீட்டு மின்னெதிர்ப்பு 50 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல் இருத்தல் நலம்.

ஒவ்வொரு பக்கத்திற்கும் தேவையானவை 1.5 கிலோ ஓம் மின்தடைகள் மூன்றும், 0.22 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகள் இரண்டும் ஆகும்.

* நேர்வழி: இட உள்ளீட்டிலிருந்து இட வெளியீட்டிற்கு ஒரு மின்தடை. அதற்குப் பக்க இணைப்பாக ஒரு மின்தேக்கி.
* குறுக்குவழி: வல உள்ளீட்டிலிருந்து தொடரிணைப்பில் இரு மின்தடைகள் வழியாக இட வெளியீட்டிற்கு. அவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து தரைமுனைக்கு ஒரு மின்தேக்கி.
* வல வெளியீட்டிற்கும் இதே அமைப்பு, பக்கம் மாற்றி.

மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் மின்தேக்கிகள் மின்னோட்டத்தைக் கடத்துவதில்லை. அப்போது வெளியீட்டில் மூன்றில் இரண்டு பங்கு தன் பக்கச் சைகையும், மூன்றில் ஒரு பங்கு மறுபக்கச் சைகையும் இருக்கும். அதாவது மறுபக்கம் 6 டெசிபெல் தாழ்ந்து கேட்கும். மிக உயர்ந்த அதிர்வெண்களில் நேர்வழி மின்தேக்கி முழுச் சைகையையும் கடத்திவிடுகிறது. குறுக்குவழி மின்தேக்கி மறுபக்கச் சைகையைத் தரைக்கு அனுப்பிவிடுகிறது. எனவே கலப்பு இல்லாமற் போகிறது. தலையின் நிழல் செய்யும் வேலையும் இதுவே.

இடைப்பட்ட அதிர்வெண்களில், மறுபக்க ஒலி தன்பக்க ஒலியைவிட எவ்வளவு தாழ்ந்தும் தாமதித்தும் வருகிறது என்பதைக் கணக்கிட்டால் கிடைக்கும் அளவுகள் பின்வருமாறு:

* 100 ஹெர்ட்சு: 6.3 டெசிபெல் தாழ்வு, 490 மைக்ரோ நொடி தாமதம்
* 500 ஹெர்ட்சு: 10.2 டெசிபெல் தாழ்வு, 408 மைக்ரோ நொடி தாமதம்
* 1000 ஹெர்ட்சு: 16.4 டெசிபெல் தாழ்வு, 306 மைக்ரோ நொடி தாமதம்
* 2000 ஹெர்ட்சு: 26 டெசிபெல் தாழ்வு, 195 மைக்ரோ நொடி தாமதம்

திசையறிதலுக்கு நேர வேறுபாடு முதன்மையாக உள்ள பகுதியில், இத்தாமதம் முன்னர்க் கணக்கிட்ட 261 மைக்ரோ நொடிக்கும் 656 மைக்ரோ நொடிக்கும் இடையே அமைவதைக் காணலாம். தாமதத்திற்கெனத் தனி உறுப்பு எதுவும் சுற்றில் இல்லை. மின்தேக்கி மின்னூட்டம் பெற எடுத்துக்கொள்ளும் நேரமே தாமதமாக அமைகிறது.

மையக் குரலில் ஏற்படும் தாழ்வு

திரைப்பாடல்களில் பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கங்களிலும் சமமாகப் பதிவாகியிருக்கும். மேற்கண்ட சுற்றில் அத்தகைய மைய ஒலி, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களிலும் மிக உயர்ந்த அதிர்வெண்களிலும் மாற்றமின்றி வெளிவருகிறது. ஆனால் 835 ஹெர்ட்சை ஒட்டி, தாமதித்த ஒலி நேர் ஒலியுடன் கட்டம் மாறிச் சேர்வதால் ஏறத்தாழ 2.5 டெசிபெல் தாழ்வு ஏற்படுகிறது. குரல் சற்றே பின்வாங்கியதுபோல் கேட்பதற்கு இதுவே காரணம். நேர்வழி மின்தேக்கியை நீக்கிவிட்டால் இத்தாழ்வு மறையும். ஆனால் மைய ஒலியின் உயர் அதிர்வெண்கள், தாழ் அதிர்வெண்களைக் காட்டிலும் 6 டெசிபெல் குறைந்து, இசை மந்தமாகிவிடும். இவ்விரு குறைகளுள் எதனை எவ்வளவு ஏற்பது என்பதிலேயே பல்வேறு குறுக்கூட்டல் சுற்றுகள் தம்முள் வேறுபடுகின்றன.

ஒலிபெருக்கிகளில் எதிர்த்திசைச் செயல்

குறுக்கொலி நீக்கம்

பொம்மைத் தலையின் செவிகளில் ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவு செய்யப்படும் இருசெவிப் பதிவுகளை ஹெட்போனில் கேட்டால் ஒலி சுற்றிலும் இருந்து வருவதுபோல் தோன்றும். அவற்றையே இரு ஒலிபெருக்கிகளில் கேட்டால், ஒவ்வொரு ஒலிபெருக்கியின் ஒலியும் இரு செவிகளையும் அடைவதால் அத்தோற்றம் கலைந்துவிடும். இதனைத் தீர்க்க, மறு செவியை அடையும் ஒலிக்கு எதிரான கட்டத்தில் மற்றோர் ஒலியை அனுப்பி அதனை அழிக்கும் முறையை மான்ஃபிரெட் சுரோடரும் பிஷ்ணு அடலும் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கினர்.

பிஷ்ணு அடல் 1933இல் கான்பூரில் பிறந்தவர். இலக்னோ பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்று, அக்கழகத்தில் விரிவுரையாளராகவும் பணியாற்றியபின் 1961இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். பேச்சொலியைச் சுருக்கி அனுப்பும் நேரியல் முன்கணிப்பு முறையில் இவர் செய்த பணி, செல்பேசிகளின் குரல் குறியாக்கத்திற்கு அடிப்படையாக அமைந்தது.

குறுக்கொலி நீக்கத்தின் பெருங்குறை, அது ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே பயன்படும் என்பதாகும். 5000 ஹெர்ட்சில் அரை அலைநீளம் 3.5 செ.மீ.க்கும் குறைவு. தலையைச் சில செ.மீ. நகர்த்தினால், அழிய வேண்டிய ஒலி அழியாமல் நின்றுவிடும்.

ஸ்டீரியோ வைட்

1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டு வீடுகளில் டூ-இன்-ஒன் என அழைக்கப்பட்ட வானொலியுடன் கூடிய கேசட் பதிவிகள் பலவற்றில் ஸ்டீரியோ வைட் என்றொரு பொத்தான் இருந்தது. ஒரே பெட்டியில் அருகருகே உள்ள இரு ஒலிபெருக்கிகளை அகன்று இருப்பதுபோல் தோன்றச் செய்வது அதன் வேலை. அது ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மறுபக்கச் சைகையின் ஒரு பகுதியைக் கழிக்கிறது. கழிக்கும் பங்கு 0.3 எனக் கொண்டால், மையத்தில் உள்ள குரல் 0.7 மடங்காகக் குறையும், அதாவது 3.1 டெசிபெல் தாழும். இரு பக்கங்களிலும் எதிரெதிர்க் கட்டத்தில் உள்ள ஒலி 1.3 மடங்காகி 2.3 டெசிபெல் உயரும். அப்பொத்தானை அழுத்தினால் வயலின் கூட்டம் விரிந்து கேட்பதும், பாடுபவரின் குரல் மங்குவதும் இதனாலேயே.

ஹாஃப்லர் இணைப்பு

மிக எளிய அனலாக் சூழொலி முறை, அமெரிக்கப் பொறியாளர் டேவிட் ஹாஃப்லரின் பெயரால் அறியப்படும் இணைப்பு ஆகும். ஸ்டீரியோ பெருக்கியின் இட, வல வெளியீடுகளின் நேர்முனைகளுக்கு இடையே பின்புற ஒலிபெருக்கியை இணைத்தால், அதில் இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு மட்டும் ஒலிக்கும். மையத்தில் உள்ள குரல் இரு முனைகளிலும் சமமாக இருப்பதால் பின்புறத்தில் கேட்பதில்லை. அரங்கின் எதிரொலியும் கைதட்டலும் பின்னாலிருந்து வருவதுபோல் தோன்றும். கூடுதலான மின்னணு உறுப்பு எதுவும் தேவையில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இரு பக்கங்களின் எதிர்முனைகளும் ஒரே தரையுடன் இணைந்துள்ள பெருக்கிகளுக்கு மட்டுமே இவ்விணைப்பு பொருந்தும். கார்களில் உள்ள இசைக்கருவிகளிலும் பல புதிய சிறு பெருக்கிகளிலும் ஒலிபெருக்கியின் இரு முனைகளும் தனித்தனியே இயக்கப்படுகின்றன. அவற்றில் இதனைச் செய்தால் பெருக்கி பழுதாகலாம்.

டால்பி ஸ்டீரியோ

திரையரங்குகளில் 1970களின் நடுப்பகுதியில் அறிமுகமான டால்பி ஸ்டீரியோ முறையும் இத்தகைய வேறுபாட்டுச் சைகையையே பயன்படுத்தியது. இடம், வலம், மையம், பின்புறம் ஆகிய நான்கு ஒலிகள் படச்சுருளில் இரு தடங்களாகச் சுருக்கப்பட்டன. பின்புற ஒலி இரு தடங்களிலும் எதிரெதிர்க் கட்டத்தில் பதிவானது. திரையரங்கில் அது பிரித்தெடுக்கப்பட்டு, தாமதப்படுத்தப்பட்டு, 7000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட பகுதி நீக்கப்பட்டுப் பின்புற ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பப்பட்டது. முதலில் வந்தடையும் ஒலியின் திசையையே செவி ஏற்றுக்கொள்ளும் என்பதால், இத்தாமதம் வசனம் பின்னாலிருந்து வருவதுபோல் தோன்றாமல் காத்தது.

தமிழ்த் திரையிசையில்

இளையராஜா இசையமைத்த ப்ரியா (1978) தமிழ்த் திரைப்பாடல்களில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதற்கு முந்தைய பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தடப் பதிவுகள். அவற்றில் இரு பக்கங்களும் ஒன்றே என்பதால் குறுக்கூட்டலால் பயன் இல்லை. மாவீரன் (1986) 70 மி.மீ. படச்சுருளில் ஆறு தட ஒலியுடன் வெளிவந்தது. குருதிப்புனல் (1995) டால்பி ஸ்டீரியோ முறையிலும், கருப்பு ரோஜா (1996) டி.டி.எஸ். முறையிலும் வெளிவந்தன. சிவாஜி திரைப்படத்தின் முப்பரிமாண வடிவம் 2012 டிசம்பரில் டால்பி அட்மாஸ் ஒலியுடன் வெளியிடப்பட்டது. சென்னையில் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் (மறைவு 2008) பல்தட ஒலிக்கலவையில் குறிப்பிடத்தக்கவர். மகாநதி, லகான் உள்ளிட்ட படங்களுக்காகத் தேசிய விருது பெற்றவர்.

திரையரங்கிற்காக இவ்வாறு பல தடங்களில் உருவாகும் ஒலி, பெரும்பாலோருக்கு இறுதியில் செல்பேசியின் இரு சிறு கேட்பிகள் வழியாகவே சென்றடைகிறது. எனவே பல தடங்களை இரு செவிகளுக்கு ஏற்றவாறு சுருக்கும் முறைகள் தேவைப்படுகின்றன. ஆஸ்திரேலியாவின் லேக் டெக்னாலஜி உருவாக்கிய டால்பி ஹெட்போன் இவற்றுள் முன்னோடியானது. இம்முறைகள் செவிமடல், தலை, தோள் ஆகியவற்றால் ஒலியில் ஏற்படும் மாற்றங்களையும் அறையின் எதிரொலியையும் எண்முறையில் கணக்கிட்டுச் சேர்க்கின்றன. குறுக்கூட்டல் இவற்றின் மிக எளிய வடிவம் எனலாம்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரம், மேற்கண்ட முறைகள் இடம்பெறும் பொருள்கள் பெருமளவில் செய்யப்படும் பகுதிகளுள் ஒன்று. அம்முறைகள் வேறு நாட்டு ஆய்வகங்களில் உருவானவை. அவற்றைத் தாங்கிய கருவிகளைப் பொருத்துவது இங்குள்ள தொழிலாளர்.

செல்பேசி: நோக்கியா நிறுவனத்தின் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஒலே கிர்க்கெபி, ஹெட்போனுக்கான சமன்செய்த ஸ்டீரியோ அகலப்படுத்தும் வலையமைப்பு ஒன்றை 2002இல் வெளியிட்டார். குறுக்குவழியில் வடிப்பானும் தாமதமும் கொண்ட அம்முறை, மையக் குரலின் தொனி மாறாதவாறு வடிவமைக்கப்பட்டது. 2000களில் வந்த நோக்கியாவின் பல இசைப் பேசிகளில் ஸ்டீரியோ அகலத்திற்கான தெரிவு இருந்தது. நோக்கியா ஆலையின் இடத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் பெற்றுக்கொண்டது. இவ்வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. 2016இல் வந்த ஐபோன் 7 முதல் அப்பேசிகளில் 3.5 மி.மீ. துளை இல்லை. இதனால் பேசிக்கும் ஹெட்போனுக்கும் இடையே அனலாக் சுற்றை வைக்கும் எளிய வழி அடைபட்டது. கம்பியில்லாக் கேட்பிகளில் குறுக்கூட்டல் மென்பொருளாகவே அமைய முடியும். ஆப்பிள் நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய இடஞ்சார் ஒலி அத்தகையது; தலை திரும்புவதை உணர்ந்து ஒலியின் திசையை அது நிலைநிறுத்துகிறது.

தொலைக்காட்சி: சாம்சங் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007 முதல் இயங்குகிறது. 2000களில் அந்நிறுவனத்தின் பல தொலைக்காட்சிகளில் எஸ்.ஆர்.எஸ். ட்ரூசரவுண்ட் என்னும் தெரிவு இருந்தது. இரு ஒலிபெருக்கிகளைக் கொண்டே பின்புற ஒலியின் தோற்றத்தைத் தரும் முறை அது. எஸ்.ஆர்.எஸ். நிறுவனத்தை 2012இல் டி.டி.எஸ். வாங்கியது.

மகிழுந்து: ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010இல் தொடங்கப்பட்டது. கார்களில் எழும் ஸ்டீரியோ சிக்கல் வேறுவகையானது. இந்தியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் வலக் கதவின் ஒலிபெருக்கி அவருக்கு அருகிலும் இடக் கதவினது தொலைவிலும் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒன்று 0.8 மீட்டரிலும் மற்றொன்று 1.4 மீட்டரிலும் இருந்தால், 0.6 மீட்டர் வேறுபாட்டால் இட ஒலி 1.7 மில்லி நொடி தாமதமாக வரும். தலையால் உண்டாகும் மிகப்பெரும் நேர வேறுபாட்டைவிட இது இரு மடங்குக்கும் மேல். எனவே பாட்டு முழுவதும் வலக் கதவிலிருந்தே வருவதுபோல் ஓட்டுநருக்குத் தோன்றும். வலப்பக்கச் சைகையை அதே அளவு தாமதப்படுத்துவதே தீர்வு. அது ஓட்டுநருக்குப் பொருந்தும். அருகில் இருப்பவருக்குச் சிக்கலை இரட்டிப்பாக்கும்.

ஒரு செவியால் கேட்போர்

குறுக்கூட்டல் பெரும்பாலும் இசை ஆர்வலர்களின் வசதி எனக் கருதப்படுகிறது. ஆனால் ஒரு செவியில் கேட்கும் திறன் இழந்தோருக்கு இது அடிப்படைத் தேவையுடன் தொடர்புடையது. ஹெட்போனில் ஸ்டீரியோ பதிவைக் கேட்கும் அவர்களுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் பதிவான கருவி அறவே கேட்காது. பாடமோ உரையாடலோ ஆனால், ஒருவர் பேசுவது கேட்டு மற்றவர் பேசுவது கேட்காமற் போகலாம். ஒலிபெருக்கிகளில் இக்குறை எழுவதில்லை, ஏனெனில் அறையே ஒலியைக் கலந்துவிடுகிறது.

சாலைச் சத்தம் கேட்க வேண்டி ஒரு கேட்பியை மட்டும் அணிவோருக்கும், பேருந்தில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு பக்கமாகப் பகிர்ந்துகொள்வோருக்கும் இதே நிலைதான். ஒரே பாடலின் இரு வேறு பாதிகளை அவர்கள் கேட்கின்றனர்.

மேலே விளக்கிய குறுக்கூட்டல் இத்தேவையை ஓரளவே நிறைவு செய்யும். தாழ் அதிர்வெண்கள் மட்டுமே மறுபக்கம் செல்வதால், பேச்சின் தெளிவுக்கு இன்றியமையாத மெய்யொலிகள் மங்கிவிடும். இவர்களுக்கு இரு பக்கங்களையும் முழுமையாகக் கூட்டித் தரும் மோனோ அமைவே ஏற்றது. ஐபோன், ஆண்ட்ராய்டு பேசிகள் இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் இத்தெரிவு உள்ளது.

செவி நலம்

குறுக்கூட்டல் கேட்கும் சோர்வைக் குறைக்கலாம். ஆனால் அது செவிப் பாதுகாப்பு முறை அன்று. செவிக்கு ஏற்படும் தீங்கு ஒலியின் அளவையும் கேட்கும் நேரத்தையும் பொறுத்தது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலின்படி பெரியவர்கள் வாரத்திற்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலி ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அதன்படி 83 டெசிபெலில் 20 மணி, 86 டெசிபெலில் 10 மணி, 89 டெசிபெலில் 5 மணி.

எந்திர ஓசை மிகுந்த ஆலைகளில் பணியாற்றுவோருக்கு இக்கணக்கு மேலும் இறுக்கமானது. பணியிடத்தில் செவி ஏற்ற ஓசையும், பயணத்தில் கேட்கும் இசையும் ஒரே கணக்கில் சேர்கின்றன. ஓடும் பேருந்தின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டி ஒலியை உயர்த்துவது வழக்கம். காதுத் துளையை நன்கு அடைக்கும் கேட்பிகளும், இரைச்சல் நீக்கும் கேட்பிகளும் அவ்வாறு உயர்த்தும் தேவையைக் குறைக்கின்றன. குறுக்கூட்டல் சேர்க்கப்படும்போது ஒலி சற்றுத் தாழ்ந்து கேட்பதால் சிலர் ஒலியைக் கூட்டிவிடுவதும் உண்டு; இதில் கவனம் தேவை.

வரம்புகள்

* குறுக்கூட்டல் ஒலியைத் தலைக்கு முன்னால் முழுமையாகக் கொண்டு நிறுத்துவதில்லை. செவிமடலின் பங்கு, அறையின் எதிரொலி, தலை அசைவு ஆகிய மூன்றும் அதில் இல்லை.
* இது ஒலியின் அகலத்தைக் குறைக்கிறது. மேற்கண்ட சுற்றில், இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாட்டு ஒலி மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் மூன்றில் ஒரு பங்காகிறது, அதாவது 9.5 டெசிபெல் தாழ்கிறது. விரிந்த ஒலியை விரும்புவோருக்கு இது குறையாகத் தோன்றும்.
* பொம்மைத் தலையால் எடுக்கப்பட்ட இருசெவிப் பதிவுகளுக்கும், ஏற்கெனவே ஹெட்போனுக்கெனச் சூழொலியாக்கப்பட்ட பதிவுகளுக்கும் இதனைப் பயன்படுத்தலாகாது. ஒரே திருத்தம் இருமுறை நிகழ்ந்து திசைத் தோற்றம் குலையும்.
* ஒற்றைத் தடப் பதிவுகளில் இதனால் தொனி மாற்றம் தவிர வேறு விளைவு இல்லை.
* இருபுறமும் அளவாகக் கலக்கப்பட்ட பதிவுகளில் இதன் விளைவு மிகச் சிறிது. இடம், வலம் எனக் கருவிகளை முழுவதும் ஒதுக்கிய பழைய ஸ்டீரியோ பதிவுகளிலேயே இதன் பயன் தெளிவாகத் தெரியும்.

இவற்றையும் பார்க்க

* ஸ்டீரியோ ஒலி
* ஹெட்போன்
* ஒலிபெருக்கி
* மின்தேக்கி
* டால்பி அட்மாஸ்
* பிஷ்ணு அடல்
* ஸ்ரீபெரும்புதூர்